புத்தகத்தில் ஏறாத காயம்

என் மாமனார் தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்ற நேரம் அது. அதற்கு முன் அவர் அந்தக் கையை யாரிடமும் மறைத்ததில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் அடியோடு இல்லாத கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோலுக்கு அடியில் கருநீலப் புள்ளிகள், பச்சை குத்துகிறவள் ஊசியைச் சிதறவிட்டதுபோல. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டார் அந்தக் கையைப் பார்க்காதவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார். "கண்ணிவெடி எடுக்கும்போது போனதுங்க. மீதி மூணு விரலு நல்லா வேலை செய்யும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, காபி டம்ளரை அந்தக் கையாலேயே எடுத்துக்கொண்டார். என் தலையில் முதலில் அட்சதை போட்டதும் அந்தக் கைதான். அது அன்று சட்டைக்குப் பின்னால் போனபோது, ஜீப்பைப் பார்த்து வராத பயம் எனக்கு வந்தது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மே மாதத்தின் கடைசி வாரம். ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த இரவுக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஊர்களில் யாரும் உரக்கப் பேசவில்லை. டீக்கடையில் பேப்பர் கை மாறிக்கொண்டே இருந்தது, ஆனால் ஒருவரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. வெளியூர் ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தவர்கள் அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் பக்கம் கல் குவாரிகள் உண்டு. பாறையில் குழி போட்டு வைக்கும் வெடியை அங்கே 'மருந்து' என்றுதான் சொல்வார்கள். அந்த வாரம் இருமலுக்கு வாங்கப் போனவர்கூட 'சிரப்' என்று கேட்டு வாங்கியதாக அத்தை சொன்னார். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்போம்.

வீட்டில் மாமனார், அத்தை, நான் என்று மூன்று பேர். என் கணவருக்கு ஓசூரில் வேலை. விடுமுறை கிடைக்கும் ஞாயிறுகளில் வருவார். அந்த மாதம் வர முடியவில்லை. நான் எலக்ட்ரிகல் டிப்ளமா முடித்து, ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டெஸ்டிங் பகுதியில் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. மாமனார் ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எடுப்பது எல்லாம் அவருடைய படைப்பிரிவின் வேலைகள். ஓய்வுக்குப் பிறகு சில வருடங்கள் பக்கத்துக் குவாரியில் மருந்து வைக்கும் ஆட்களை மேற்பார்த்தார். ஜீப் வந்ததற்குக் காரணம் அதுதான். வெடியோடு பழகிய ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அப்படித்தான் விசாரிக்க முடியும் என்று அன்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் குவாரிக்காரர் ஒருவரை விசாரணைக்குக் கூட்டிப்போய் சில நாள் கழித்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். என்ன கேட்டார்கள் என்று பெண்டாட்டியிடம்கூட அவர் சொல்லவில்லை. அந்தப் பேசாமைதான் ஊர் ஊராகப் பரவியது.

ஜீப்பில் வந்த சப்-இன்ஸ்பெக்டர் இளவயதுக்காரர். மரியாதையாகப் பேசினார். கத்தியிருந்தால் இத்தனை பயம் வந்திருக்காதோ என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

"கையைக் காட்டுங்க பெரியவரே. எப்ப ஆச்சு இது?"

"எழுபத்தொண்ணு யுத்தம் முடிஞ்சி, பார்டர்ல கண்ணிவெடி எடுக்கச்சொல்லங்க ஐயா."

"பேப்பர் இருக்கா?"

அத்தை டிரங்குப் பெட்டியிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வந்தார். ராணுவத்தை விட்டு வரும்போது ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் புத்தகம் அது. எங்கே சேர்ந்தார், எந்தப் பதவி, என்ன பயிற்சி, என்ன பதக்கம் என்று எல்லாம் அதில் இருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் நின்றபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை என்று எழுதியிருந்தது. பதக்கங்கள் என்ற இடத்தில் ஒரு கோடு.

"விரல் இல்லைன்னு போட்டிருக்கு. எப்படிப் போச்சுன்னு போடலை. யுத்தத்துல இருந்தவங்களுக்கு ஒரு பதக்கம் உண்டு, காயம் பட்டவங்களுக்கு ஒரு பதக்கம் உண்டுன்னு என் சித்தப்பா சொல்வாரு. அவரும் மிலிட்டரிதான். உங்களுக்கு ரெண்டுமே காணோமே?"

மாமனார் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தும் சொல்லாதவர் முகம் அது என்று எனக்கே தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். "நாளையிலேருந்து காலையில ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க. இந்தக் கைக்கு ஒரு பேப்பர் கொண்டாங்க. அதுவரைக்கும் எங்கேயும் வெளியூர் போகாதீங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாச் சத்தமும் ஜீப் சத்தம் ஆகிவிட்டது. ஒரகடம் சாலையில் லாரி கியர் மாற்றினால் அத்தை ஆட்டுக்கல்லில் குழவியை நிறுத்திவிடுவார். லாரி போனபின் மறுபடி சுற்றுவார். எதிர்வீட்டுப் பெண் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க வருவதை நிறுத்திக்கொண்டாள். பகையில்லை, பயம். அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடுவேன். பரீட்சைக் காலத்திலிருந்து வந்த பழக்கம். கம்பெனியில் அதுவே வேலையாகிவிட்டது. ஒரு ஸ்டெபிலைசர் செத்துக் கிடந்தால் அதைக் கண்ட இடத்தில் பிரிக்கக் கூடாது. மின்சாரம் உள்ளே வருகிறதா, ஃபியூஸ் இருக்கிறதா, ரிலே விழுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகவேண்டும். எங்கே பதில் நிற்கிறதோ அங்கேதான் பழுது. அன்றும் அப்படியே எழுதினேன். இருப்பவை: கை, புத்தகம், மாதம் தவறாத பென்ஷன். இல்லாதவை: பதக்கம், காயத்துக்குச் சான்று, பார்த்த சாட்சி. கடைசியாக ஒரு கேள்வி: ஏன் புத்தகத்தில் ஏறவில்லை? பட்டியல் அந்த இடத்தில் நின்றது. அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் புத்தகத்தைத் துண்டில் சுற்றி மறுபடி பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த மனுசனுக்கு சாமிய கண்டாலும் பயம், சர்க்கார கண்டாலும் பயம். என்னைக் கண்டா மட்டும் இன்னா தைரியம் பாரு!" என்று அத்தை அடுப்படியிலிருந்து சொன்னார். கோபத்தில் சொன்ன வார்த்தை. ஆனால் விஷயம் அதற்குள்தான் இருந்தது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் வழக்கமில்லை. ஸ்டேஷனுக்குப் போகும் அவரும் கம்பெனிக்குப் போகும் நானும் ஒரே பஸ்ஸைப் பிடிக்கவேண்டியிருந்ததால், மெயின் ரோடு வரை வரப்பில் நடந்தோம். அவர் முன்னால், நான் பின்னால். முதுகைப் பார்த்துக்கொண்டு கேட்பது எனக்கு எளிதாக இருந்தது. முகம் காட்டாமல் சொல்வது அவருக்கும் எளிதாக இருந்திருக்க வேண்டும்.

கண்ணிவெடி வெடித்ததற்குப் பிறகு அவரை மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். செய்தி ஊருக்கு வந்ததும் அவருடைய தாயார், பிள்ளை உயிரோடு வந்தால் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்க வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். உடம்பு தேறியதும் லீவு கொடுத்தார்கள். முறைப்படி முதலில் தன் யூனிட்டுக்குப் போய், ஆஸ்பத்திரி கொடுத்த காகிதங்களை ஒப்படைத்துவிட்டு, பிறகு ஊருக்கு வரவேண்டும். திருவிழா நெருங்கிவிட்டதால் அவர் நேராக ஊருக்கு வந்துவிட்டார். வந்த அன்றே கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் தீ மிதிக்கக் காப்புக் கட்டியவர், அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வருடம் பார்த்து, முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு தெருக்காரர்களுக்கும் சண்டை. தீமிதி தள்ளிப்போனது. பிறகு மறுபடியும் தள்ளிப்போனது. லீவு முடிந்தது. காப்பு அவிழவில்லை.

"அவுத்துப் போட்டுட்டு ரயில் ஏறியிருக்கலாம்மா. யாரும் புடிச்சி வெக்கல. ஆனா உசிரு குடுத்தவ அவதானேன்னு நின்னுட்டேன். ராத்திரி எல்லாம் மிலிட்டரி வண்டி வந்து இட்டுக்கினு போவுதுன்னு கனவு. பகல்ல ஆத்தா கண்ண குத்திடுவாளோன்னு பயம். நெருப்புல எறங்கச்சொல்லதான் ரெண்டு பயமும் இல்ல."

திரும்பிப் போனபோது தண்டனை கொடுத்தார்கள். சம்பளம் பிடித்தார்கள், மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடவைத்தார்கள். அதெல்லாம் அவருக்குப் பெரிதில்லை. கூட இருந்தவர்களுக்குப் பதக்கம் வந்தது, அவருக்கு வரவில்லை. ஓய்வு பெறும்போது புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அதுவும் தண்டனைல சேத்தின்னு நெனச்சிக்கினேன். செஞ்ச தப்புக்கு இது சரிதான்னு வெச்சிக்கினேன். இப்ப போயி கேட்டா பழைய காயிதத்த எல்லாம் பிரிப்பாங்க. லீவுல ஓடிப்போனவனுக்கு இன்னா பென்சன்னு நிறுத்திட்டா? உங்க அத்தை இன்னா பண்ணுவா?"

பஸ் வந்துவிட்டது. அவர் முன்புறம் ஏறினார், நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன். போலீஸ் அவரைக் கொண்டுபோய்விடும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவரோ அதைவிடப் பெரிய பயத்தை இருபது வருடமாக உள்ளே வைத்திருந்தார். ஒன்றிலிருந்து தப்பவேண்டுமானால் இன்னொன்றின் கதவைத் தட்டவேண்டும். நான் என் பட்டியலில் அன்று எதையும் சேர்க்கவில்லை.

பென்ஷன் போனாலும் பரவாயில்லை, ஆள் வீட்டில் இருக்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் இருந்த முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போக, சப்-இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டோம். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்க" என்றார். வாலாஜாபாத் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமனார் ஜன்னலைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். அலுவலகத்தில் இருந்த கிளார்க்கும் பழைய ராணுவக்காரர், திருநெல்வேலிப் பக்கம். புத்தகத்தை வாங்கி, கையைப் பார்த்து, முழுக் கதையையும் என்னிடமிருந்து கேட்டுக்கொண்டார். நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துச் சொன்னேன். மாமனார் ஆபீசுக்கு வெளியே நிற்பவர்போல நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, லீவுல கூடுதலா இருந்ததுக்கு அப்பமே தண்டனை குடுத்துட்டாவள்லா?"

"குடுத்தாங்க."

"அப்பம் அது அதோட முடிஞ்சி போச்சு. ஒரு குத்தத்துக்கு ரெண்டு தண்டனை ராணுவத்துல கிடையாது. வீட்டுலதான் உண்டு." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, குரலை இறக்கினார். "உங்க பதக்கத்த யாரும் பிடிச்சி வைக்கல. நீங்க ஆஸ்பத்திரி பேப்பர ஊர்லயே தொலைச்சிட்டிய, யூனிட்டுல குடுக்கல. அதனால யுத்தத்துல இருந்ததும் காயம் பட்டதும் உங்க ரெக்கார்டுல ஏறல, அம்புட்டுதான். ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு போடுவோம். கூட இருந்தவன் எவனாவது உயிரோட இருந்தா, அவன் புத்தகத்துல ஏறியிருந்தா, அவன்கிட்ட ஒரு சத்தியக் கடுதாசி வாங்கிட்டு வாங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே வந்ததும் மாமனார் சொன்னார்: "சிரிச்சிக்கினே பேசறான். நம்பலாமா?" சிரிக்கிற ஆபீசை அவர் வாழ்க்கையில் அதுவரை பார்த்ததில்லை.

கூட இருந்தவர் ஒருவர் உயிரோடு இருந்தார். அதே வெடியில் ஒரு கண்ணை இழந்தவர், ஹவில்தாருக்குக் கீழ்ப்பதவியான நாயக்காக இருந்தவர், வேலூருக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று மாமனாருக்குத் தெரியும். வெட்கத்தால் இத்தனை வருடமும் ஒரு வரி எழுதியதில்லை. இப்போது போகவும் முடியாது. வெளியூர் போகாதீங்க என்று சொல்லியிருந்தார்கள். காஞ்சிபுரத்துக்குக் கேட்டதுபோல இதற்கும் கேட்டுப் பார்க்கலாம் என்றேன். "வேணாம்மா. ஒருக்கா கேட்டா குடுப்பாங்க, ரெண்டாவது தடவ சந்தேகப்படுவாங்க" என்றார். எல்லை தாண்டாமல் ஊருக்குள் நின்ற அந்தப் பழைய நாட்களில் அவர் எப்படி இருந்திருப்பார் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அத்தையும் நானும் போனோம். வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தார்கள். அத்தையின் பையில் நாயக்குக்காகச் சுட்ட முறுக்கு, அதன் அடியில் துண்டில் சுற்றிய புத்தகம். ஒரு கான்ஸ்டபிள் முறுக்குப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் துண்டைப் பிரித்தார். "இன்னா இது?" "எங்க வூட்டுக்காரரு மிலிட்டரிங்க" என்றார் அத்தை. அவர் குரல் நடுங்கவில்லை. என் மடியில் கிடந்த அவருடைய இன்னொரு கைதான் என் விரல்களை நெரித்துக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் படத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், துண்டை மடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். வேலூர் வரும்வரை அத்தை என் கையை விடவில்லை.

நாயக் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண் கண்ணாடிக் கண். யார் என்று சொன்னதும் ட்யூபைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"அவன் விரலு போச்சு, என் கண்ணு போச்சு. ரெண்டு பேரையும் சேத்து தச்சா ஒரு முழு ஆளு தேறும்னு டாக்டருகிட்டயே சொன்னோம். அவன் ஏன் வரல?"

"தெனைக்கும் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடணும்ணே" என்றார் அத்தை.

நாயக்கின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. முழு விவரத்தையும் கேட்டார். பதக்கம் தண்டனையாக நிறுத்தப்பட்டது என்று மாமனார் நம்பிக்கொண்டிருந்ததைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "அட கிறுக்கா! நான் பேப்பர கொண்டுபோயி யூனிட்டுல குடுத்தேன், எனக்கு வந்துச்சு. அவன் குடுக்கல, வரல. வேற ஒண்ணும் இல்லம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்." அன்றே எங்களைத் தாலுகா அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், நடந்ததை எழுதி, அதிகாரி முன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் புத்தகத்தின் பக்கத்தையும் நகலெடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னோம். அவர் மகிழ்ச்சி அடைவார் என்று நான் எதிர்பார்த்தேன். "வெறும் பேப்பருதானா?" என்று கேட்டார். யாரோ ஒரு பெரிய அதிகாரி கோபத்தில் நிறுத்திவைத்தார் என்று நம்பிக்கொண்டிருந்த வரையில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தப்பு, அதற்குத் தண்டனை. யாருமே நிறுத்தவில்லை, யாருக்கும் கோபமில்லை, ஒரு காகிதம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகவில்லை என்றால், ஒரு மனிதனுக்கு எது வேண்டுமானாலும் நடக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் ஸ்டேஷனுக்கு இன்னும் சீக்கிரமாகக் கிளம்ப ஆரம்பித்தார்.

சத்தியக் கடிதத்தின் நகலைச் சப்-இன்ஸ்பெக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். "நல்லது. புக்குல ஏறி வரட்டும்" என்றார். மனு போனது. மாதங்கள் போயின. குண்டு வழக்கு வேறு ஊர்களுக்கு, வேறு ஆட்களிடம் போனது. எங்கள் பக்கத்தில் ஜீப் வருவது குறைந்து, நின்றேவிட்டது. எதிர்வீட்டுப் பெண் மறுபடி குடத்தோடு வந்தாள். சப்-இன்ஸ்பெக்டருக்கு மாற்றல் ஆயிற்று. அவரிடம் எழுத்து வேலை பார்த்த ரைட்டரும் போய்விட்டார். மாமனார் மட்டும் காலையில் குளித்து, விபூதி வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

மறு வருடம் புத்தகம் திருத்தப்பட்டு வந்தது. பதக்கங்கள் என்ற இடத்தில் இருந்த கோட்டை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் யுத்தப் பதக்கம் ஒரு வரி, காயப் பதக்கம் ஒரு வரி, முத்திரை, கையெழுத்து. பிறகு பதக்கங்களும் வந்தன. அத்தை அவற்றைச் சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் இட்டார். "துணிப்பட்டையில கறை ஆவும்டி" என்று மாமனார் கடிந்துகொண்டாலும் எடுக்கவில்லை. பென்ஷன் நிற்கவில்லை. பழைய லீவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். புதிய ரைட்டர் படித்துப் பார்த்து எழுந்து நின்று கைகொடுத்தாராம், டீ வாங்கித் தந்தாராம். அன்று மாலை அவர் உரக்கச் சிரித்ததை முதல் முறையாகக் கேட்டேன்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இனிமே எதுக்கு?"

"வர வேணாம்னு யாரும் சொல்லலியேம்மா."

அன்று கம்பெனிக்கு பெர்மிஷன் சொல்லிவிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போனேன். புதிய சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். நோட்டுகளைப் புரட்டச் சொன்னார். எங்கும் இல்லை. வாய்மொழியாகச் சொன்னது, யாரும் எழுதி வைக்கவில்லை. மாமனார் கையெழுத்துப் போடுவதற்கு ரைட்டர் கொடுப்பது பழைய தாள்களின் பின்பக்கம். "பெரியவரு ஆசையா வர்றாரு, எதுக்கு மனசு நோகணும்னு குடுக்கறேன்" என்றார் ரைட்டர்.

"அவரை வர வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் சார்" என்றேன் சப்-இன்ஸ்பெக்டரிடம்.

"வரச் சொல்லி உத்தரவே இல்லையேம்மா. இல்லாத உத்தரவை நான் எப்படி ரத்து பண்றது? நாளைக்கு அவரை யாரு வரச் சொன்னது, யாரு நிறுத்தினதுன்னு மேல கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவர் குரலிலும் ஒரு மெல்லிய பயம் இருந்தது. எனக்கு அது பழக்கமான ஒலி. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மாமனாரின் புத்தகத்தில், நடந்த ஒன்று எழுதப்படாததால் இருபது வருடம் நடக்காததாகவே இருந்தது. இங்கே, எழுதப்படாத ஒன்று ஒவ்வொரு காலையும் நடந்துகொண்டிருந்தது. முன்னதைத் திருத்த மனு போட ஓர் ஆபீஸ் இருந்தது. இதற்கு எங்கே போவது?

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. அப்படியும் சுவரைப் பிடித்துக்கொண்டு சட்டையில் கையை நுழைத்தார். அத்தை வாசலை மறித்து நின்றார். "போவலன்னா ஜீப் வரும்டி" என்றார் மாமனார். "ஒருக்கா சொல்லாம நின்னதுக்குத்தான் இவ்ளோவும். திரும்பியும் நிக்கச் சொல்றியா?"

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன் மாமா. நீங்க படுங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்டேஷனில் ரைட்டர் சிரித்தார். "அந்தக் கை ஹவில்தாரா? இன்னிக்கு வரலியா? கவனிக்கவே இல்லம்மா. உடம்ப பாத்துக்கச் சொல்லுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில், என்ன சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். நீங்கள் வராததை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். அது உண்மை. ஆனால் அது 'வெறும் பேப்பருதானா' என்ற அதே இருட்டுக்கு அவரை மறுபடி அனுப்பும். இத்தனை காலை நேரங்களும் யாருக்கும் வேண்டாதவை என்று காய்ச்சலில் கிடப்பவரிடம் எப்படிச் சொல்வது? போகவே தேவையில்லை என்று சொல்லலாம். நம்பமாட்டார். அவர் நம்பக்கூடிய வார்த்தை எது என்று யோசித்தேன். அவர் வாழ்க்கை முழுவதும் அவரை விடுவித்த வார்த்தை ஒன்றே ஒன்றுதான்.

"லீவு குடுத்துட்டாங்க மாமா" என்றேன்.

கண்ணைத் திறந்தார். "எத்தினி நாளு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். லீவு என்றால் அது முடியும் நாள் ஒன்று உண்டு. அந்த நாளில்தான் அவருடைய எல்லாப் பயமும் ஆரம்பித்தது.

"மறு உத்தரவு வர்ற வரைக்கும்."

"எழுதிக்கினாங்களா?"

"எழுதிக்கிட்டாங்க."

அவர் என்னை நேராகப் பார்த்தார். மாமனார் என் முகத்தை அப்படிப் பார்த்தது அதுவே முதல் முறை. பிறகு சட்டையின் பட்டன்களை மூன்று விரல்களால் ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் இறங்கிய பிறகும் ஸ்டேஷனுக்குப் போகவில்லை.

சில வருடங்கள் ஆகிவிட்டன. எங்கள் பக்கத்தில் இப்போது நிலம் அளக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் வருகின்றன என்று பேச்சு. கல் நடுகிறார்கள், சிவப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள். அளக்கிறவர்கள், வாங்குகிறவர்கள், அவர்களுக்கு வழி காட்டுகிறவர்கள் என்று யார் யாரோ வருகிறார்கள். அவர்கள் எல்லோரும் ஜீப்பில்தான் வருகிறார்கள். சத்தம் தெருமுனையில் கேட்டதும் மாமனார் பேப்பரை இறக்கிவிட்டு, "நமக்காம்மா?" என்று கேட்பார். "நமக்கு இல்ல மாமா" என்பேன். மறுபடி பேப்பரை எடுத்துக்கொள்வார்.

அந்த உத்தரவைப் போட்டவள் நான். அதை மாற்றக்கூடியவர் வேறு யாரும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன், அந்தச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறதா என்று ஒரு நிமிடம் நின்று கேட்டுக்கொள்கிறேன்.